மேல்வரிசையில் அஞ்சம்மாள்

அஞ்சம்மாளிடம் ஒரு முகச்சுளிப்பு உண்டு. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும், கீழுதடு வெளியே வரும், கண் இரண்டும் பாதி மூடும். அதைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் கேட்காமலேயே வேறு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். திண்டிவனத்தில் என் வீட்டு அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பால் ஒரு முறை அந்த முகத்தைக் கண்டு திரிந்துபோனது. பால் பழசு என்று என் மருமகள் சொல்வாள். அவள் அறிவியல் படித்தவள், அப்படித்தான் சொல்வாள்.

இருபது வருடமாக ஐப்பசியில் எனக்குப் பச்சை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து கொடுப்பவள் அஞ்சம்மாள். வயது ஐம்பத்தெட்டு. ஊர் எட்டியமேடு. திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறி, சாலையில் இறங்கி, செம்மண்ணில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அங்கே அவளுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம், ஏழு முந்திரி மரம், வற்றாத கிணறு ஒன்று. கணவர் சுப்பராயலு இறந்து நான்கு வருடம். மகளைத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. நிலத்தில் அவளே நிற்கிறாள்.

ஊரின் கிழக்கு எல்லையில் ஒரு நீளச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு விமானம் வரும், அதுவும் மனசு வந்தால்தான். வராத நாளில் ஓடுதளத்தின் நடுவில் ஒரு நாய் படுத்திருக்கும். வரும் நாளில் அதே நாய் எழுந்து ஓரமாகப் போய், இறங்கியவர்களை எண்ணிவிட்டுத் திரும்ப வந்து படுக்கும். நாய் எண்ணியதை நான் பார்க்கவில்லை. அஞ்சம்மாள் பார்த்திருக்கிறாள்.

அந்தச் சுவர் நிற்கும் இடம் சுப்பராயலுவின் அப்பாவுடையது. முதல் தடவை விரிவாக்கம் என்று வந்தபோது ஒரு ஏக்கர் போயிற்று. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். வேலை வந்தது. சுப்பராயலுவின் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, சுவருக்குள்ளே புல் வெட்டச் சொன்னார்கள். தன் அப்பா கேப்பை விதைத்த மண்ணில் அவர் பதினொரு மாதம் கூலிக்குப் புல் வெட்டினார். பிறகு குத்தகைக்காரர் மாறினார், அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் பதினொரு மாதமும் தினம் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அஞ்சம்மாள் ஒரே கேள்விதான் கேட்பாளாம்.

"இன்னிக்கு யாரு நெலத்துல புல்லு வெட்டினு வந்த?"

அவர் கை கழுவப் போய்விடுவார்.

இப்போது இரண்டாவது தடவை. ஓடுதளம் நீளம் போதவில்லையாம், பெரிய விமானம் இறங்க வேண்டுமாம். எட்டியமேட்டில் பாதி ஊர் அதற்குள் வருகிறது. அஞ்சம்மாளின் ஒன்றேகால் ஏக்கரும் வருகிறது, கிணற்றோடு. நிலமே இல்லாத, கூலிக்கு வயல் வேலை செய்யும் சவுரியம்மாள் வகையறா குடியிருக்கும் தெருவும் வருகிறது.

ஆவணி மாதம் அளவுக்காரர்கள் வந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். நல்ல கருங்கல், மேலே சிவப்பு வண்ணம், பக்கத்தில் எண். ஒரே வாரத்தில் அத்தனை கல்லும் நடந்து ஊருக்குள் வந்துவிட்டது. கல் நடக்குமா என்று கேட்பீர்கள். எட்டியமேட்டுக் கல் நடக்கும், பெண்களின் இடுப்பில் ஏறிக்கொண்டால். அளவுக்காரர்கள் மறுபடி வந்தபோது வீட்டுக்கு வீடு பின்பக்கத்தில் புதுத் துவைகல் கிடந்தது, எண்ணோடு. ஒரு கல்லின் மேல் அஞ்சம்மாள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது அரசாங்கக் கல்லும்மா" என்றார் வந்தவர்.

"அப்டியா? என் கொல்லையில கெடந்திச்சி. அரசாங்கம் தேடினு வந்தா குடுக்கலாம்னுதான் வெயிட்டு வெச்சினு குந்தினுக்கீறன்" என்றாள்.

அதற்கப்புறம்தான் ஊர் கூடியது. திரௌபதி அம்மன் கோயில் வாசலில் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி, வீட்டுக்கு ஒருவர் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நிலம் தர மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியம் தவறிய வீட்டுக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் யாரும் போவதில்லை, அவர்கள் கொல்லையில், அதாவது நிலத்தில், யாரும் வேலைக்கு இறங்குவதில்லை. சவுரியம்மாள் தெருவிலிருந்தும் வந்து அவர்கள் மாதா பேரில் சத்தியம் செய்தார்கள். முதலில் கற்பூரம் அடித்தவள் அஞ்சம்மாள். அதனால் ஐப்பசி இரண்டாவது வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊருக்காகப் பேச அவளையே நிறுத்துவது என்று முடிவானது.

இந்த இடத்தில் அஞ்சம்மாளின் ஒரு பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவாள். வரட்டும்.

எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் பேனர், குழந்தைக்குக் காது குத்தினால் பேனர், கிழவர் செத்தால் பேனர். சிரிக்கும் முகமும் செத்த முகமும் ஒரே கம்பத்தில், முந்தினது கிழிவதற்குள் அடுத்தது. அதில் சொந்தக்காரர் முகம் எல்லாம் இருக்க வேண்டும். யார் முகம் எந்த வரிசையில், எவ்வளவு பெரிதாக என்பதில் வெட்டுக்குத்து வரை போன குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் எட்டியமேட்டிலேயே இருக்கும் அஞ்சம்மாளின் தம்பி மகள் கலைப்பிரியாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தம்பி அச்சடித்த பேனரில் அஞ்சம்மாள் மூன்றாவது வரிசையில், தபால்தலை அளவில் இருந்தாள். சொந்த அத்தை. அன்றைக்கு அவள் போட்ட சண்டையில் சாப்பாடு ஆறிப்போனது. முதல் பேனரைக் கழற்றி, வேறு அடித்து மாட்டினார்கள். அதற்காகவே அவள் திண்டிவனம் வந்து, என்னிடம் நல்ல பட்டுப்புடவை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஸ்டூடியோவில் கைகூப்பி நின்று படம் எடுத்தாள். மேல்வரிசை, முழம் உயரம், பக்கத்தில் இறந்துபோன சுப்பராயலுவின் பழைய படம்.

பேனர் அடித்த கடை என் வீட்டுக்கு அடுத்த கடை. அந்த மையின் நாற்றம் என் சமையலறை வரை வரும். சாம்பாரில் மண்ணெண்ணெய் விட்டது போல இருக்கும். பன்னிரண்டு வருடமாக அதைத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை, சாலை முனையில் ஒரு பேனர் நின்றது. நாற்பதடி நீளம். 'விமான நிலைய விரிவாக்கத்தை வருக வருக என வரவேற்கும் எட்டியமேடு பொதுமக்கள்'. ஒரு மூலையில் பெரிய விமானம், மறுமூலையில் வெள்ளைச் சட்டையில் கோகுலகிருஷ்ணன். அவன் சுப்பராயலுவுக்குப் பங்காளி மகன். மனை வாங்கி விற்கும் தரகன். சுவரை ஒட்டி எங்கே மனை போட்டால் எவ்வளவு ஏறும் என்பதை விமானத்துக்கு முன்னாலேயே கணக்குப் பார்த்தவன். நடுவில் ஊர்க்காரர் முகங்கள், நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் தபால்தலை அளவு. மேல்வரிசையில் மட்டும் இரண்டு முகம் முழம் உயரத்துக்கு. ஒன்று, பட்டுப்புடவையில் கைகூப்பிய அஞ்சம்மாள். இன்னொன்று, நான்கு வருடத்துக்கு முன் செத்துப்போன சுப்பராயலு.

அஞ்சம்மாள் அதைப் பார்த்தபோது கையில் குடம் இருந்தது. குழாயடிப் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு விலகி நின்றார்கள். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"இன்னா அஞ்சம்மா, உன் வூட்டுக்காரரு மேல போய்ச் சேந்தும் ஏரோப்ளேன் கேக்குறாராட்டம் கீதே."

"நான் குடுக்கலடி அந்தப் போட்டோவ."

"குடுக்கலயா? கையக் கூப்பினு நிக்கிற. பட்டுப்பொடவ வேற. சும்மா நின்னவளப் புடிச்சி எடுத்தா அப்டியா வரும்?"

"உன் மூஞ்சியுந்தான் கீது, கடேசி வரிசையில."

"என்னுது அவனே எடுத்துப் போட்டுக்கினது. இத்தினூண்டு கீறேன். உன்ன மாதிரியா?"

இதுதான் அந்தப் பேனரின் விஷம். நூறு பேரும் தங்கள் முகம் கேட்காமல் போடப்பட்டது என்று சொன்னார்கள். நூறு பேரும் மற்றவர் முகம் கேட்டுத்தான் போட்டிருப்பான் என்று நம்பினார்கள். கோகுலகிருஷ்ணன் ஒருவரையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒரே காலையில் எட்டியமேட்டில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். கற்பூரம் அடித்த கைகளின் லட்சணம் அவ்வளவுதான். எனக்கு அந்தத் தரகன் மேல் வந்த அருவருப்பைவிட இந்த ஊர் மேல் வந்தது அதிகம்.

செவ்வாய்க்கிழமை அஞ்சம்மாளின் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வேண்டிய நாள். கொடி பழுத்துவிட்டது. மேற்கில் மேகம். மழை இறங்கினால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும், ஒரு போக உழைப்பு மாட்டுக்குக்கூட ஆகாது. பிடுங்க வருகிறவர்கள் சவுரியம்மாளும் அவள் கூட்டத்துப் பெண்கள் பதினான்கு பேரும். விடிந்தது, ஒருவரும் வரவில்லை. அஞ்சம்மாள் அவர்கள் தெருவுக்கே போனாள். சவுரியம்மாள் வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா சவுரி, கொல்லையில யாரும் எறங்கல?"

"சத்தியம் உட்டவங்க கொல்லையில எறங்க வாணாம்னு நீங்கதானக்கா மொதல்ல சொன்னீங்க."

"நான் உடலடி."

"அஞ்சம்மாக்கா, உங்களுக்கு நெலம் கீது. வித்தா ஒரு தொக வரும், பொண்ணு வூட்டுக்குப் போயிடுவீங்க. எங்களுக்கு இன்னா கீது? உங்க கொல்லையில கை வெச்சாத்தான் சோறு. நீங்க கையக் கூப்பினு நின்னுட்டீங்கன்னா நாங்க எங்க போயி கை வெக்கிறது?" சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள். "போயிட்டு வாங்க."

சவுரியம்மாள் கோபத்தில் பேசவில்லை, சலித்துப்போய்ப் பேசினாள். அதுதான் அஞ்சம்மாளை அடித்தது.

அங்கிருந்து நேராகக் கோகுலகிருஷ்ணனின் ஆபீசுக்கு. ஆபீஸ் என்பது சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு ஏசி. அவன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். வாயில் பாக்கு.

"வாங்க சித்தி, குந்துங்க. கூல்ட்ரிங்ஸ் சொல்லட்டா?"

"என் போட்டோவ எவன் குடுத்தான் உனுக்கு?"

"இன்னா சித்தி இப்டிக் கேக்குறீங்க? ஊருக்கே பெரிய மனுசி நீங்க. மரியாத வெச்சித்தான் மேல்வரிசையில போட்டுக்கீறேன். சித்தப்பாவயும் உடல பாருங்க. எதுக்கு உடணும்? அவரு ஏர்போர்ட்டுல வேல பாத்தவரு."

"கழட்டு."

"கழட்டிடலாம். இப்பயே ஆள உட்டுக் கழட்டிடலாம்." பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டான். "ஆனா ஒண்ணு சித்தி. கழட்டுனா ஊரு இன்னா சொல்லும்? பேரம் படியல, அதான் மூஞ்சிய எடுத்துக்கினாங்கன்னு சொல்லும். நீங்களே கிழிச்சீங்கன்னா, பாத்தியா நாடகம் ஆடறான்னு சொல்லும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அப்டியே உட்டுடுங்க. வெள்ளிக்கெழம கூட்டத்துல சும்மா குந்திக்கினாப் போதும், எதுக்குப் பேசிக்கினு பேஜாரு?"

நான் பல மாதிரி அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். எச்சில் பாக்கை மென்றுகொண்டே 'உங்க நல்லதுக்குத்தான்' என்று சொல்கிறவன் வேறு ரகம். அவன் மேசை மேல் இருந்த சாமி படத்துக்குக்கூட அன்றைக்குக் குமட்டியிருக்கும்.

அஞ்சம்மாள் தன் முகத்தைச் சுளித்தாள். அவன் ஏசி நின்றுவிட்டதாம். மின்சாரம் போனது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம்.

புதன்கிழமை திண்டிவனம் வந்தாள். முதலில் என் வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். நடந்ததைச் சொன்னாள். இரண்டு பேருமாக அடுத்த கடைக்குப் போனோம். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, அதனால்தான் போனேன்.

கடை முதலாளி ஆனந்தராஜ் சாப்பிடப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் புனிதா இருந்தாள். இருபத்துநான்கு வயது, படம் ஒட்டுவதில் கெட்டிக்காரி. ஒற்றைக் கண்ணனுக்கு இரண்டாவது கண் வைத்துக் கல்யாணம் முடித்துக் கொடுத்தவள். அஞ்சம்மாளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அத்த, மேல்வரிசையில சூப்பரா வந்துக்கீறீங்க."

அஞ்சம்மாள் சுளித்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எங்கடி எடுத்த இதெல்லாம்?"

புனிதா திரையைத் திருப்பினாள். ஊர் ஊராகக் கோப்புறைகள். எட்டியமேடு என்ற உறைக்குள் மஞ்சள் நீராட்டு, காதணி, புதுநன்மை, கண்ணீர் அஞ்சலி என்று பத்து வருடத்து முகங்கள். "ஊர் ஆளுங்க எல்லாரையும் போடுன்னாரு கோகுலண்ணன். ஒரு பேனருக்கு நூறு பேரக் கேட்டு போட்டோ வாங்க முடியுமாத்த? உள்ள இருந்தத எல்லாம் போட்டேன். உங்களுது ரெண்டும் பெரிய சைசுல இருந்துச்சி. மத்ததப் பெருசு பண்ணா ஒடஞ்சிடும், அதான் உங்களுத அப்டியே மேல வெச்சிட்டேன்."

அவ்வளவுதான். மேல்வரிசைக்குக் காரணம் மரியாதை இல்லை, பேரம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அஞ்சம்மாள் சண்டை போட்டு வாங்கிய அளவு. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைகூப்பி நின்ற தன் படத்தைத் திரையில் பார்த்தாள்.

"நானேதான் போயி நின்னுக்கீறேன்" என்றாள் என்னிடம். பிறகு புனிதாவைப் பார்த்து, "செத்தவங்களையுமாடி போடுவ?"

"அவங்க செத்தவங்கன்னு எனுக்கு எப்டித்த தெரியும்? அஞ்சலிக்குக் குடுக்குற போட்டோவிலயும் சிரிச்சிக்கினுதான் இருக்காங்க. மாலைய மட்டும் அழிச்சிட்டேன்."

கண்ணீர் அஞ்சலி உறையைத் திறக்கச் சொன்னேன். பேனரில் இருந்த முகங்களோடு ஒப்பிட்டோம். செத்தவர்கள் பதினொரு பேர். கடைசி வரிசையில் ஒரு கறுப்பு முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது கோயில் மாடு. போன வருடம் மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது, அதற்கும் ஊரார் அஞ்சலி பேனர் அடித்திருந்தார்கள். நெற்றிப் பொட்டோடு அதுவும் விமான நிலையத்தை வரவேற்றது. இந்தக் கதையில் நான் கூட்டிச் சொன்னது மாட்டைத்தான் என்று நினைப்பீர்கள். மாடுதான் முழு உண்மை.

"அந்த அஞ்சலி பேனர் பன்னெண்டையும் பேப்பர்ல அடிச்சிக் குடு" என்றாள் அஞ்சம்மாள்.

"மொதலாளி திட்டுவாருத்த."

"அவரு அப்பா செத்தப்ப அடிச்ச அஞ்சலியும் இங்கதான கீது. அதயும் நாளைக்கி எவனாச்சும் கேப்பான். மாலைய அழிச்சிட்டு எதுனா கட்சிக் கொடி குடுப்பியா கையில?"

புனிதா அச்சு இயந்திரத்தைத் தட்டினாள். தாள்கள் வரும்வரை தலையைத் தூக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளை உறை, மேசை மேல் தண்ணீர் பாட்டில், மேடையில் முந்தின நாள் கல்யாணத்து மணமக்கள் பெயர் தெர்மோகோலில் அப்படியே. வந்திருந்த அதிகாரியின் பெயர் நமக்கு வேண்டாம். நல்ல மனிதராகவே தெரிந்தார். தூக்கம் குறைந்தவர். ஊர்க்காரர்கள் வந்தார்கள், ஆனால் சேர்ந்து உட்காரவில்லை. நடுவில் நடுவில் காலி நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். சவுரியம்மாள் தன் பெண்களோடு பின்சுவரை ஒட்டி நின்றாள். நான் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். "எட்டியமேடு மக்கள் இந்தத் திட்டத்தை மனமுவந்து வரவேற்பதாகத் தெரிகிறது. நீங்களே வைத்த வரவேற்புப் பேனரின் புகைப்படம் இங்கே இணைக்கப்பட்டிருக்கிறது" என்றார். கோகுலகிருஷ்ணன் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்தான்.

அஞ்சம்மாள் எழுந்தாள். பின்னாலிருந்து யாரோ, "அதான் கையக் கூப்பியாச்சே, இன்னும் இன்னா" என்றார்கள். அவள் திரும்பவில்லை. மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்தப் போட்டோவுல மேல்வரிசையில கீறது நாந்தான். எனுக்குப் பக்கத்துல ஒருத்தர் கீறாரே, அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"யாரும்மா அவர்?"

"சுப்பராயலு."

அதிகாரி மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "சுப்பராயலு வந்திருக்கிறாரா?" என்றார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "சுப்பராயலு?"

"இன்னும் சத்தமாக் கூப்பிடுங்கய்யா. தூரத்துல கீறாரு. நாலு வருசம் ஆவுது போயி."

யாரோ சிரித்தார்கள். அவள் மடியிலிருந்து முதல் தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். கண்ணீர் அஞ்சலி, அதே சிரிப்பு, மாலையோடு. அடுத்த தாள். "இவரு முருகையன். லட்சுமியம்மா வூட்டுக்காரரு. இவரயும் கூப்பிடுங்க."

லட்சுமியம்மாள் எழுந்தேவிட்டாள். தன் கணவர் முகம் அந்தப் பேனரில் இருப்பதை அவள் கவனித்திருக்கவில்லை. ஐந்து நாளாக அஞ்சம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் வீட்டு முகம் எப்படித் தெரியும்? "எங்க காட்டு" என்று மேசைக்கே வந்தாள். தாளைப் பார்த்தாள். கோகுலகிருஷ்ணனைப் பார்த்தாள். "செத்தவன் வாயில எச்சக் கைய வெச்சிக்கீறியேடா" என்றாள். உரக்கச் சொல்லவில்லை.

தாள் தாளாக வந்தது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வீடு எழுந்தது. மாட்டின் தாள் வந்தபோது பூசாரி எழுந்து, அதன் சார்பில் தான் வந்திருப்பதாகச் சொன்னார். அதிகாரிகூடக் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் இவ்வளவில் முடிந்துவிடும் என்று நினைத்தால் அரசாங்கத்தை நமக்குத் தெரியாது என்று அர்த்தம். அதிகாரி பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் குனிந்து பேசினார். பிறகு மைக்கில் சொன்னார். "பதினொரு பேர் காலமானவர்கள். ஒன்று கால்நடை. மீதி நூறு பேருடைய ஆதரவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்."

கழித்தல் சரி. நானும் விரல்விட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்சுவரிலிருந்து சவுரியம்மாள் வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து அஞ்சம்மாளின் பக்கத்தில் நின்றாள். "ஐயா, நாலாவது வரிசையில கீறது நானு. மாதா கோயில்ல எங்க பேத்திக்குப் புதுநன்மை குடுத்தப்ப எடுத்த போட்டோ. பூசைக்கு நின்னேன், ஏரோப்ளேனுக்கு நிக்கல. என் மூஞ்சிய நான் குடுக்கல." அஞ்சம்மாளின் பக்கம் திரும்பினாள். "அக்காவும் குடுக்கல."

லட்சுமியம்மாள், "என் மூஞ்சி நான் குடுக்கல" என்றாள். பிறகு ஒரு வரிசை எழுந்தது, அடுத்த வரிசை எழுந்தது. எல்லோரும் அதையே சொன்னார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கோகுலகிருஷ்ணனைத் தவிர, கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் யாரென்று சொல்ல மாட்டேன். ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஆள் அஞ்சம்மாளின் தம்பி. கலைப்பிரியாவின் அப்பா.

அஞ்சம்மாள் அவனைப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. சுளிக்காத அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குச் சுளிப்பே தேவலை.

கூட்டம் கலைந்தபோது எழுதிக்கொண்டிருந்தவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். என் வயதில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'கூட்ட முடிவில் பொதுமக்கள் எழுந்து நின்றனர்.'

அவ்வளவுதான். எதற்காக எழுந்தார்கள், என்ன சொன்னார்கள், ஒன்றும் இல்லை. தேசிய கீதத்துக்கு எழுந்தது போல. கோப்பு இன்னும் எங்கேயோ இருக்கிறது. திட்டம் நின்றதாகவும் யாரும் சொல்லவில்லை, நடப்பதாகவும் சொல்லவில்லை. மறுபடி கல் நட வருவார்கள். துவைகல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, இனி வரும் கல்லை அம்மிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை விடியும்போது அஞ்சம்மாளின் கொல்லையில் பதினைந்து பேர் இறங்கியிருந்தார்கள். அழைக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. சவுரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஜல்தியாப் புடுங்குங்கடி, மேற்கால கறுத்துக்கினு வருது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மத்தியானத்துக்குள் முழுக் கொல்லையும் பிடுங்கியாயிற்று. மறுநாள் நானும் போனேன், என் பங்கு மல்லாட்டை வேண்டுமே.

காயை ஆய்ந்து காயவைக்கப் பெரிய விரிப்பு தேவைப்பட்டது. பெண்கள் சாலை முனைக்குப் போய் நாற்பதடிப் பேனரைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். கோகுலகிருஷ்ணன் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டான். அஞ்சம்மாள் களத்தில் அதை விரித்து, அரிவாள்மனையைக் கொண்டுவந்து, செத்தவர்களின் முகங்களை மட்டும் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்து அந்தந்த வீட்டாரிடம் கொடுத்தாள். மாட்டைப் பூசாரி வாங்கிக்கொண்டார். ஓட்டை இருந்த இடத்தில் சாக்கைப் போட்டு, மீதி முகங்களின் மேல் மல்லாட்டையைக் கொட்டினாள். தம்பியின் முகம் எந்த இடத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அங்கே கொஞ்சம் அதிகமாகவே கொட்டினாள்.

லட்சுமியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காஞ்சதும் இதுல பாதி எனுக்குக் குடு அஞ்சம்மா. வைக்கப்போருக்குப் போத்தணும்."

"எந்தப் பாதி?"

"என் மூஞ்சி கீற பாதி."

"மாடு அதும்மேல சாணி போடும்டி."

"போட்டாப் போவுது. அவன் போட்டதுக்கு இது தேவல."

அஞ்சம்மாள் சுப்பராயலுவின் சதுரத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. முழம் உயரம், நல்ல கனமான துண்டு. கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. முகம் விமான நிலையச் சுவரைப் பார்த்தது.

"இருந்தப்ப ஒரு நாளும் இந்த மோட்டாரண்ட வந்து நின்னதில்ல" என்றாள் என்னிடம். "இப்பவாச்சும் நம்ம நெலத்துல நிக்கட்டும்."

தலைக்கு மேல் விமானம் வந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.